கிரேப் மிர்ட்டில் ஏன் பூக்க மறுக்கிறது? நெல்லைச் சீமை வீடுகளில் நடக்கும் தவறுகள்

தை, மாசியில் ஆள்விட்டுத் தோட்டத்தைத் துப்புரவு செய்யும்போது கிரேப் மிர்ட்டில் என்ற பூமரம்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். இலை உதிர்ந்து குச்சி குச்சியாக நிற்பதைப் பார்த்ததும், வந்தவர் அரிவாளை எடுத்து இடுப்பு உயரத்தில் மொட்டையடித்துவிட்டுப் போய்விடுவார். இந்த மரத்துக்கு நாம் செய்யும் கெடுதல்களில் பெரியது இதுதான். மற்றவை நடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகின்றன. எனவே அங்கிருந்தே வருவோம்.

கன்றும் குழியும்

நர்சரியில் 'லாஜர்ஸ்ட்ரோமியா' என்று தாவரவியல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் பூமருது கைக்கு வந்துவிடலாம். இரண்டும் ஒரே இனத்துச் சொந்தம்தான். ஆனால் பூமருது மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாக வளர்கிற பெருமரம், 40, 50 அடிக்குப் போகும். காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே 5 அடி சந்தில் அதை வைத்துவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை. இலையைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். பூமருது இலை அரைச் சாணுக்கு மேல் நீளும், கிரேப் மிர்ட்டில் இலை கட்டைவிரல் நீளம்தான். இது 10 முதல் 20 அடிக்குள் நிற்கும். சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி வையுங்கள்.

கன்றுகள் பல ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வருபவை. பைக்குள் இருப்பது பிசுபிசுத்த களிமண். அப்படியே குழியில் இறக்கினால் வெளி மண் நனையும், உள்ளே களிமண் உருண்டை காய்ந்தே கிடக்கும். பையைக் கிழித்து, வேர்க்கட்டியை ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, ஓரக் களிமண்ணைக் கையால் கரைத்துவிடுங்கள். பைக்குள் வட்டம் சுற்றிய வேரை வெட்டிவிடத் தயங்க வேண்டாம்.

குழி 2 அடி அகலம் போதும். ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் வேண்டாம். தண்டு அகன்று வேராக மாறுகிற இடம் மண்ணுக்கு மேலே கண்ணில் படவேண்டும். அதைப் புதைத்தால் பட்டை அழுகும். சருகு, வைக்கோல் பரப்பி மூடாக்குப் போடும்போதும் தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கத்துக் கரிசலில் இன்னொரு தவறு நடக்கிறது. "நல்ல மண்ணாகப் போடுவோம்" என்று குழி முழுக்கச் செம்மண்ணும் மணலும் கொட்டுகிறார்கள். ஐப்பசி மழையில் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். சுற்றியுள்ள கரிசல் தண்ணீரை வாங்காது, வேர் மூச்சுமுட்டி அழுகும். கரிசலில் தரைக்கு மேல் ஒரு அடி மேடு கட்டி, அதன்மேல் நடுவதே சரி.

வெயில், உரம், சுண்ணாம்பு

தினமும் 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். வேம்பு, மா நிழலில் வைத்தால் மரம் சாகாது, கால் நீட்டிக் கால் நீட்டி வளரும், பூ மட்டும் வராது. பூ இல்லையே என்று யூரியா போடுவது அடுத்த தவறு. தழைச்சத்து கூடினால் இலைதான் தழைக்கும், அசுவினிப் பூச்சியும் தேடி வரும். வருஷத்துக்கு 5 கிலோ மக்கிய தொழு உரமும் 200 கிராம் வேப்பம்புண்ணாக்கும் மாசியில் கொடுத்தால் ஒரு நடுத்தர மரத்துக்குத் தாராளம்.

கொஞ்சம் புளித்த, அதாவது லேசான அமிலத்தன்மை உள்ள மண்தான் இதற்குப் பிடிக்கும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வண்டலில் தொல்லையில்லை. சுக்கான்கல் கலந்த மண்ணிலும், உப்புப் போர் தண்ணீர் பாய்கிற இடங்களிலும்தான் சிக்கல். ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மண்ணில் கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டாமல் பூட்டி வைத்திருக்கிறது. அதனால் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டினாலும் அதுவும் பூட்டிக்கொள்ளும், காசுதான் வீண். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. மண்ணில்தான் கொடுக்க வேண்டுமென்றால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புச் செலேட் வாங்குங்கள். மலிவான இ.டி.டி.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணில் நிற்காது.

மொட்டையடிப்பது

இந்த மரம் அந்தந்த வருஷத்துப் புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும். அதனால்தான் "நிறைய வெட்டினால் நிறையத் துளிர்க்கும், நிறையப் பூக்கும்" என்ற கணக்கு வருகிறது. கணக்கு பாதி சரி. வெட்டிய இடத்தில் சாட்டை மாதிரி பத்துப் பதினைந்து குச்சி கிளம்பும், நுனியில் பெரிய கொத்தும் வைக்கும். ஆனால் குச்சிக்கு அந்தப் பாரம் தாங்காது. ஆனி, ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி அடிக்கும்போது, குச்சி அடியோடு பிய்ந்து விழும். வருஷா வருஷம் அதே இடத்தில் வெட்ட, அங்கே முஷ்டி மாதிரி முண்டு கட்டிவிடும். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் இந்த வேலைக்கு 'கிரேப் மர்டர்' என்றே பெயர். மரக்கொலை!

மாசியில், துளிர் விடுவதற்கு முன் கவாத்து செய்யுங்கள். அடித்தூரில் 3 முதல் 5 தண்டை வைத்துக்கொண்டு மற்ற பக்கக் கன்றுகளை எடுத்துவிடலாம். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்நோக்கி வளர்வது போகட்டும். நுனியில் பென்சில் பருமனுக்கு மேற்பட்ட எதிலும் கத்தி படவேண்டாம். அப்படி விட்டால் நாலைந்து வருஷத்தில் பட்டை உரிந்து, கொய்யாமரத் தண்டு போல வழவழவென்று மினுங்கும். பூ இல்லாத நாளிலும் பார்க்க அழகு அதுதான். மொட்டையடித்த மரத்தில் அது வாய்ப்பதே இல்லை.

ஏற்கெனவே முண்டு கட்டியிருந்தால், ஒவ்வொரு முண்டிலும் வெளிநோக்கிய இரண்டு வலுவான குச்சியை விட்டு, மற்றதை அடியோடு எடுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் வடிவம் திரும்பும். புரட்டாசி, ஐப்பசியில் மட்டும் வெட்டவே கூடாது. மழையில் வரும் இளந்துளிர் சாம்பல் நோய்க்கு விருந்து.

பூ உதிர்ந்ததும் பச்சைக் காய் முற்றுவதற்குள் கொத்துக்குக் கீழே கிள்ளிவிட்டால் இன்னொரு சுற்றுப் பூ வரும். இதைப் பலர் செய்வதில்லை.

வெள்ளையா, கறுப்பா?

இலையில் கறை கண்டதும் கடைக்காரர் கொடுத்த மருந்தை அடிப்பவர்கள் முதலில் விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக ஒட்டினால் அது கரும்பூசணம். அது மரத்தைத் தின்பதில்லை. இலைக்கு அடியில் அசுவினி உட்கார்ந்து கழிக்கிற இனிப்புப் பிசுக்கின்மேல் வளர்கிறது. பூசணக்கொல்லி வேண்டாம். ஹோஸ் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சி, பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து வெயில் தாழ அடியுங்கள்.

வெள்ளையாக மாவு ஒட்டி, கொழுந்து சுருண்டு, மொட்டு விரியாமல் நின்றால் சாம்பல் நோய். கார்த்திகை, மார்கழிப் பனியில் வரும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், காலையில். சுள்ளென்று வெயில் இருக்கும் நாளில் அடித்தால் இலை கருகிவிடும். வேப்பெண்ணெய் அடித்த மரத்துக்கு 15 நாள் கழித்துத்தான் கந்தகம்.