பழைய கல்மண்டபத்தின் மேல் நிற்கும் ஆபத்தான கான்கிரீட் கட்டடத்தை அகற்ற அனுமதி பெறுவது எப்படி?

பல நூற்றாண்டுப் பழமையான கருங்கல் மண்டபத்தின் கூரை மேல், அரை நூற்றாண்டுக்கு முன் ஓர் உபயதாரர் நல்ல மனத்தோடு கட்டிக் கொடுத்த கான்கிரீட் அறையோ தண்ணீர்த் தொட்டியோ, இன்று துருப்பிடித்த கம்பி வெளியே தெரிய, ஒவ்வொரு மழைக்கும் காரை காரையாக உதிர்ந்துகொண்டிருக்கும் நிலையைத் தமிழ்நாட்டின் பல ஊர்க் கோயில்களில் காணலாம். அதை எடுத்துவிட வேண்டும் என்று ஊரார் நினைப்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் அனுமதி இல்லாமல் கடப்பாரையைத் தூக்கினால் சட்டச் சிக்கல் வருவதோடு, அதைத் தாங்கி நிற்கும் கூரைக் கல்லும் சேர்ந்து விரிசல் விட வாய்ப்பு உண்டு. கான்கிரீட்டை மறுபடி வார்க்கலாம், உடைந்த பழைய உத்திரத்தை (தூண்கள் மேல் கிடக்கும் கல் விட்டத்தை) யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களின் அறங்காவலர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் அறிய வேண்டியது, கட்டடம் எந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது என்பதாகும். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படி இந்தியத் தொல்லியல் துறையால் பாதுகாக்கப்படும் சின்னமாக அது இருக்கலாம். 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்படி தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கலாம். இரண்டிலும் சேராமல், 1959ஆம் ஆண்டின் அறநிலையக் கொடைகள் சட்டத்தின் கீழ் மட்டும் இருக்கலாம். பூசையும் நிர்வாகமும் ஒரு தரப்பிடமும் கட்டடப் பாதுகாப்பு தொல்லியல் துறையிடமும் இருக்கும் கோயில்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. மத்தியத் தொல்லியல் துறையின் சின்னமாக இருந்தால், அகற்றும் வேலையை அத்துறைதான் செய்யும்; நீங்கள் செய்யக்கூடியது ஆதாரத்தோடு எழுதிக் கேட்பது மட்டுமே. அத்தகைய சின்னத்தைச் சேதப்படுத்துவோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் கோயில் சின்னமாக இல்லாவிட்டாலும், அருகில் உள்ள மத்தியச் சின்னம் ஒன்றிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தால் தடை செய்யப்பட்ட பகுதியிலும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்குள் இருந்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியிலும் அடங்கும் என்பதால், பழுதுபார்ப்புக்கும் தடையின்மைச் சான்று தேவைப்படும். வாசலில் பலகை இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாமல், அந்தந்தத் துறையின் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அனுமதி வரும் வரை கைகட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கட்டடத்தைத் தொடாமல் செய்யக்கூடிய காரியங்களை அன்றைக்கே செய்யலாம், செய்தாக வேண்டும்: தொட்டி என்றால் தண்ணீரை வடித்துவிடுங்கள் (2,000 லிட்டர் தண்ணீர் என்பது கூரை மேல் 2 டன் பாரம்), அறை என்றால் உள்ளே அடுக்கியிருக்கும் பழைய பாத்திரங்களையும் வாகனங்களையும் கீழே இறக்கிவிடுங்கள், மின் இணைப்பைத் துண்டியுங்கள், கீழே பக்தர்கள் நடக்கும் பாதையைக் கயிறு கட்டி மாற்றி விடுங்கள். இவற்றைச் செய்த தேதியோடு செயல் அலுவலருக்கோ தக்காருக்கோ (அறங்காவலர் இல்லாத கோயிலுக்குத் துறை நியமிக்கும் பொறுப்பாளர்) எழுத்தில் தெரிவித்து, நகலில் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

ஒரே ஒரு காரியத்தில் அவசரப்படாதீர்கள். உத்திரம் தொய்வாகத் தெரிகிறது என்று நடுவில் சவுக்குக் கட்டையையோ இரும்பு ஜாக்கியையோ நிறுத்தி இறுக்குவதைப் பலர் செய்கிறார்கள். கருங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இரு தூண்களின் உச்சியில் உள்ள தாங்குகற்களான போதிகைகள் மேல் அமர்ந்திருக்கும் உத்திரத்தை நடுவில் மேல்நோக்கித் தள்ளினால், அதுவரை அழுத்தத்தில் இருந்த மேல்முகம் இழுவிசைக்கு உள்ளாகி, கல் புதிதாக ஓர் இடத்தில் பிளக்கும். முட்டு தேவையா, எங்கே, எந்த அளவு இறுக்கத்தில் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

இனி விண்ணப்பத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். நான் பங்கு பெற்ற முதல் முயற்சியில், "பழுதடைந்த கட்டடத்தை இடிக்க அனுமதி வேண்டும்" என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து விவரம் கேட்டுத் திரும்பி வந்தது. அலுவலகத்தின் மீது அப்போது கோபம் வந்தாலும், பிழை எங்களுடையதுதான். பழமையான கோயிலின் ஒரு பகுதியை எடுக்கக் கேட்கும்போது மூன்று செய்திகளைத் தனித்தனியாக நிறுவ வேண்டும்: அந்தப் பகுதி பின்னாளில் சேர்க்கப்பட்டது, அது ஆபத்தாக இருக்கிறது, அதை எடுத்த பிறகு பழைய கட்டடம் பத்திரமாக நிற்கும். முதல் இரண்டை எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்றாவதை எழுதாத விண்ணப்பமே பெரும்பாலும் திரும்புகிறது.

பிற்காலச் சேர்க்கை என்பதற்கு முதல் சான்று அந்தக் கட்டடத்திலேயே இருக்கும். "உபயம்" என்று தொடங்கும் சலவைக்கல் பலகையில் ஆண்டு பொறித்திருப்பார்கள். அதைத் தெளிவாகப் படம் எடுங்கள். உதிர்ந்த இடத்தில் தெரியும் கம்பி முறுக்குக் கம்பியா, வழவழப்பான உருண்டைக் கம்பியா என்று குறித்துக்கொள்ளுங்கள். செங்கல்லின் அளவு, சாந்து சுண்ணாம்பா சிமெண்டா என்பனவும் காலத்தைச் சொல்லும். கோயிலின் பழைய திருப்பணிக் கணக்குகளும் குடமுழுக்கு அழைப்பிதழ்களும் உதவும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படம் எடுத்துச் சேர்த்த தொகுப்பில் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. உங்கள் கோயிலின் படம் அதில் இருந்து, அந்தக் கூரை வெறுமையாகத் தெரிந்தால், அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின்னால் சேர்ந்தது என்பதாலேயே ஒன்று மதிப்பற்றதாகிவிடாது. சோழர் கருவறைக்கு முன்னால் நாயக்கர் கால மண்டபம் நிற்கிறது. அதுவும் ஒரு காலத்தில் சேர்க்கைதான். நூறாண்டுக்கு முன் நகரத்தார் செய்த திருப்பணிகளிலும், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கைப்பிடிச் சுவரின் சுதை உருவங்களிலும் காப்பாற்ற வேண்டிய வேலைப்பாடு இருக்கிறது. கான்கிரீட் அறையை அப்படிப்பட்ட சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தால், எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் இரு நிறங்களில் பிரித்துக் காட்டுங்கள்.

ஆபத்தைக் காட்டப் பொறியாளர் அறிக்கை தேவை. கான்கிரீட் மட்டும் அறிந்தவரைவிடக் கற்கட்டுமானத்தில் பழகியவரைத் தேடுங்கள். பாரத்தைக் கணக்கிட்டு எழுதச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்தால்தான் நிலைமை புரியும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 12.5 சென்டிமீட்டர் கனம் கொண்ட கூரைத் தளத்தின் கன அளவு 1.5 கன மீட்டர். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ என்பதால், தளம் மட்டுமே 3,750 கிலோ. அதைத் தாங்கும் நான்கு சுவர்களும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களாக 2.7 மீட்டர் உயரம் இருந்தால், அவை 16 டன்னைத் தாண்டும். ஆக, சிறிய அறை என்று நாம் சொல்வது 20 டன் பாரம். இதோடு, ஒவ்வொரு குடமுழுக்குக்கும் பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே பூசிய சிமெண்ட் அடுக்குகளின் கனத்தையும் ஓரிடத்தில் சிறிதளவு திறந்து அளந்து சேர்க்கலாம்; திறப்பதற்குக் கூட முன்னதாக ஒப்புதல் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரிசல் வளர்கிறதா, பழையதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, அருகில் தேதி எழுதிய தாளை வைத்துப் படம் எடுக்க வேண்டும். சிற்ப வேலைப்பாடு உள்ள முகத்தில் ஒட்டக் கூடாது. டெல்டாப் பகுதிக் கோயில் ஒன்றில் ஐப்பசி முதல் வாரத்தில் மூன்று துண்டுகள் ஒட்டினோம். கார்த்திகை முடிவதற்குள் நடுத்துண்டு மட்டும் குறுக்கே பிளந்திருந்தது. இரண்டு தேதிகளோடு அந்த இரண்டு படங்களையும் இணைத்த பிறகு, ஆபத்து உண்மையா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது பகுதியான அகற்றும் முறையை ஸ்தபதியும் பொறியாளரும் சேர்ந்து எழுத வேண்டும். அதிரும் இயந்திர உளியைப் பயன்படுத்துவதில்லை என்றும், மேலிருந்து கீழாக, இரு பக்கமும் சமமாகப் பாரம் குறையுமாறு, வைர வாள் கொண்டு சிறு சிறு துண்டுகளாக அறுத்து எடுப்பது என்றும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். எடுத்த இடிபாட்டைக் கூரை மேல் ஓர் இரவு கூடக் குவித்து வைக்கக் கூடாது. அன்றன்றே கீழே இறக்க வேண்டும். கூரையில் பரப்பிய பாவுகல்லுக்குள் செருகிய கம்பியைப் பிடுங்காமல் கல்லின் மட்டத்தில் வெட்டிவிடுவதே நல்லது, பிடுங்கினால் கல் விளிம்பு பெயரும். கல்லில் ஒட்டிய சிமெண்ட்டைக் கை உளியால் மெதுவாக எடுக்க வேண்டும். மணல் வீச்சு முறை கூடவே கூடாது, அது கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்துவிடும். கூரை திறந்த பின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் சேர்த்து இடித்து இறுக்கி, தட்டையான சுட்ட மண் ஓடான தட்டோடு பதித்து, நீர் ஓடும் சரிவு கொடுப்பது வரை எழுதுங்கள். தை முதல் வைகாசிக்குள் முடியும்படி கால அட்டவணை இருக்கட்டும்; வடகிழக்குப் பருவமழையில் திறந்த கூரையோடு நிற்க நேரக் கூடாது.

அகற்றப்படும் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் பழைய சுவரில் கல்வெட்டு இருக்கக்கூடும். தெரிந்தால் வேலையை நிறுத்திப் படியெடுக்கச் செய்வோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மண்ணில் செப்புத் திருமேனியோ காசுகளோ கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வேலை நடக்கும் இடம் கருவறைக்கும் விமானத்துக்கும் அருகில் என்றால் பாலாலயம் (வேலை முடியும் வரை தெய்வத்தைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது) தேவைப்படலாம். அந்தக் கோயிலின் ஆகமத்தை அறிந்த அர்ச்சகரிடம் கருத்தை எழுத்தில் பெற்று இணைப்பது, பின்னால் வரும் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்தைக் குறைக்கும்.

இத்தனையும் தயாரானதும் அறங்காவலர் குழுவைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதன் வாசகம் இவ்வாறு அமையலாம்: "திருக்கோயில் மகாமண்டபக் கூரையின் தென்கிழக்கு மூலையில் 1974ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட கான்கிரீட் அறை, இணைப்பில் உள்ள பொறியாளர் அறிக்கையின்படி மண்டபத்துக்கும் பக்தர்களுக்கும் ஆபத்தான நிலையில் உள்ளதால், பழைய கற்பகுதி எதையும் மாற்றாமல், இணைப்பில் கண்ட முறைப்படி அவ்வறையை மட்டும் அகற்றி, கூரையைச் சுண்ணாம்புத் தளம் கொண்டு சீரமைக்க அனுமதி கோருவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." "மட்டும்" என்ற சொல்லை விடாதீர்கள், திருப்பணி என்று பொதுவாக எழுதினால் எல்லை எங்கே என்ற ஐயம் எழும்.

கோப்பு செயல் அலுவலர் வழியாக உதவி ஆணையருக்கும், அங்கிருந்து மண்டல இணை ஆணையருக்கும் செல்லும். தொல்லியல் அறிஞர், ஸ்தபதி, பொறியாளர் ஆகியோர் அடங்கிய மண்டல வல்லுநர் குழு நேரில் வந்து பார்க்கும்; அதன் பரிந்துரை மாநில அளவிலான வல்லுநர் குழுவின் முன் வைக்கப்படும்; பழமையான கோயில்களில் உயர் நீதிமன்றம் அமைத்த குழுவின் ஒப்புதலும் கேட்கப்படும். அதன் பின்னரே மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி ஆகியன வரும். உபயதாரர் செலவில் செய்வதாக இருந்தாலும் இந்த ஒப்புதல்களைத் தாண்டிப் போக முடியாது. காலம் பிடிக்கிறது என்று மனம் சலிக்கும். மாதம் ஒரு முறை, புதிதாக எடுத்த விரிசல் படத்துடன் நினைவூட்டல் கடிதம் அனுப்புவது சலிப்பைவிடப் பயன் தரும். குழு ஆய்வுக்கு வரும் நாளில் ஏணியும் நல்ல விளக்கும் அளவு நாடாவும் தயாராக இருக்கட்டும், பொறியாளரும் உடன் இருக்கட்டும். கூரை மேல் ஏறிப் பார்க்க முடியாமல் குழு திரும்பினால் மறு தேதிக்குப் பல வாரம் காத்திருக்க நேரும்.

கோப்புக்கு வெளியே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அந்த அறையைக் கட்டிக் கொடுத்த குடும்பத்தார் ஊரில் இருந்தால், தீர்மானத்துக்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். தங்கள் தாத்தா பெயரை எடுத்தெறிகிறார்கள் என்று நினைத்து ஆட்சேபம் எழுதியவர்களை அறிவேன்; அவர்களை அழைத்து விரிசலைக் காட்டியதும், சுண்ணாம்புத் தளத்துக்கு ஆகும் செலவில் பாதியை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

அனுமதி ஆணை கையில் வந்ததும், வேலை தொடங்கும் முன் அதன் நிபந்தனைகளை ஒப்பந்தக்காரருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுங்கள். பாரம் இறங்கும்போது உத்திரங்கள் மெல்ல அசையும் என்பதால், கண்ணாடித் துண்டுகளைத் தினமும் காலையிலும் மாலையிலும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத ஒருவரை நியமியுங்கள். வேலை முடிந்த பிறகும் அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை கழியும் வரை அந்தத் துண்டுகளை எடுக்க வேண்டாம். அவை முழுதாக இருப்பதைக் காட்டும் படங்களைக் கோப்பின் கடைசி இணைப்பாகச் சேர்த்து, ஒரு நகலை இணை ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.