எஸ்லிங்கன் இடைக்காலச் சந்தை: போகும் முன் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் படிப்பவர்கள் டிசம்பரில் ஒரு மாலையை எஸ்லிங்கனுக்கு ஒதுக்குங்கள். கிறிஸ்துமஸ் சந்தையும், பழைய ஐரோப்பாவின் இடைக்கால (மத்திய கால) வாழ்க்கையைக் காட்டும் இடைக்காலச் சந்தையும் அங்கே ஒன்றையொன்று ஒட்டி நடக்கின்றன. மொத்தம் 200 கடையாவது இருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்குள்ள ஹாஃபென்மார்க்ட் சதுக்கத்தில் வரிசையாக நிற்கும் மரச்சட்ட வீடுகள் 1328 முதல் 1331 வரையான காலத்தவை. அதனால் பின்னணிக்குச் செட் போடும் வேலையே இவர்களுக்குக் கிடையாது.

நவம்பர் கடைசியில் தொடங்கும் சந்தை டிசம்பர் 22 வாக்கில் முடிந்துவிடும். 'கிறிஸ்துமஸ் லீவு விடட்டும், போகலாம்' என்று தள்ளிப்போடுபவர்களுக்கு வெறும் சதுக்கம்தான் மிஞ்சும். ஸ்டுட்கார்ட் மத்திய நிலையத்திலிருந்து எஸ்1 ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் எஸ்லிங்கன். அங்கிருந்து பத்து நிமிட நடை. டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்குச் செல்லும் மாதச் சீட்டு) வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவு இல்லை.

திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள், மூன்று மணிக்கு அங்கே இருப்பதுபோலக் கிளம்புங்கள். கொல்லர், கம்பளித் துணி செய்பவர், கூடை முடைபவர் ஆகியோரின் கைவேலையைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். இருட்டியதும் தீப்பந்தம், இசை, தீ விளையாட்டு எல்லாம் களைகட்டும். சனிக்கிழமை மாலை போனால் தோளோடு தோள் உரசும் நெரிசலில் எந்தப் பட்டறை முன்னாலும் இரண்டு நிமிடம் நிற்க முடியாது. இந்தச் சந்தையின் உயிரே அந்தப் பட்டறைகள்தான் என்பதால் சனிக்கிழமையைத் தவிர்ப்பதே மேல்.

குளிர் முதலில் பிடிப்பது பாதத்தை. கல் பாவிய தரையில் மூன்று மணி நேரம் நின்றால் மெல்லிய ஸ்னீக்கர் தாங்காது. தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவும் ஒரே ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸும் போதும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு பருத்திச் சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். போனை உள்பாக்கெட்டில் வையுங்கள். குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும்.

கார்டு வாங்காத கடைகள் உண்டு என்பதால் ரொக்கமாக 30 யூரோ, அதில் கொஞ்சம் சில்லறையாக இருக்கட்டும். கழிப்பறைக்கும், ஆட்டம் முடிந்து கலைஞர்கள் நீட்டும் தொப்பிக்கும் நாணயம் வேண்டும். தொப்பியில் ஒன்றிரண்டு யூரோ போடுவது மரியாதை. கடைக்காரர் விலையைத் 'டாலர்' என்று சொன்னால் அமெரிக்கக் காசு என்று மிரள வேண்டாம்; பழைய வெள்ளி நாணயத்தின் பெயரால் யூரோவைத்தான் சொல்கிறார். பேரம் பேசும் வழக்கம் இல்லை.

குடிக்க வாங்கும்போது குவளைக்கும் சேர்த்து முன்பணம் பிடிப்பார்கள், அதுதான் 'ஃபாண்ட்'. டோக்கன் கொடுத்தால் பத்திரப்படுத்துங்கள். குவளையை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வேறு கடையில் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். 'மெட்' என்பது தேன் மது. இனிப்பில் தெரியாவிட்டாலும் ஒயினுக்கு நிகரான போதை உண்டு. 'மிட் ஷுஸ்' என்றால் சூடான ஒயினில் ரம் போன்ற ஏதாவது கூடுதலாக ஊற்றியிருக்கும். மது வேண்டாதவர்கள் 'கிண்டர்புன்ஷ்' கேளுங்கள்.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் சாப்பாடு. 'டின்னெட்டே' என்னும் தட்டை ரொட்டியின் மேலும், 'ஷுப்ஃநூடல்ன்' என்னும் உருளைக்கிழங்கு உருட்டலோடு வரும் புளித்த முட்டைக்கோஸிலும் பன்றிக்கொழுப்பு நறுக்கிப் போடுவது வழக்கம். 'மவுல்டாஷன்' என்னும் மாவுப் பொட்டலம் சாதாரணமாகவே கறி அடைத்ததுதான். வெறுமனே 'வெஜிடேரியனா?' என்று கேட்டு விட்டுவிடாமல், 'இஸ்ட் டா ஷ்பெக் டிரின்?' (இதில் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா?) என்றும் கேளுங்கள். கறித்துண்டு இல்லை என்பதற்காகத் தலையாட்டுபவர்கூட, கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் 'ரிண்ட்', பன்றி தவிர்ப்பவர்கள் 'ஷ்வைன்' என்ற சொல்லைப் பலகையில் தேடுங்கள்.

கொல்லர் அடித்த கத்தி வாங்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. 2024 அக்டோபர் கடைசியில் ஜெர்மன் ஆயுதச் சட்டம் இறுக்கப்பட்டு, இத்தகைய சந்தைகளில் கத்தியோடு நடமாடத் தடை வந்துவிட்டது. கிளம்பும் நேரத்தில் வாங்கி, சட்டென்று எடுக்க முடியாதபடி மூடிக் கட்டித் தரச் சொல்லி, பைக்கு அடியில் வைத்து நேராக வீட்டுக்குப் போங்கள். ஊருக்குக் கொண்டுபோவதானால் விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.