ஆர்எக்ஸ் 100 டேங்க்: பெயின்ட் கடைசி, துரு முதல்

பழைய வண்டி டேங்க் அசிங்கமாக இருந்தால் எல்லாரும் முதலில் பெயின்டரிடம்தான் ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் பெட்ரோல் டேங்கைக் கருகருவென்று அடித்து வாங்கி, ஸ்டிக்கரும் ஒட்டி, தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி மூன்று மாதம் ஓட்டினேன், அப்புறம் டேங்கின் அடித்தையல் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். நகத்தால் குத்தினால் பெட்ரோல் வாசனை. துரு உள்ளே இருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது, நான் வெளியே பூச்சு வேலை பார்த்திருக்கிறேன்.

பாதி காலியான டேங்கில் காற்று இருக்கும், காற்றில் ஈரம் இருக்கும். அது இரவில் குளிர்ந்து நீராகி, பெட்ரோலை விடக் கனம் என்பதால் அடியில் போய் உட்காரும். டேப் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) இல்லாத பக்கத்து அடிக்குழியில் உட்கார்ந்த நீர் வெளியேறவே வழியில்லை, ஓட்டை பெரும்பாலும் விழுவதும் அங்கேதான். போதாக்குறைக்கு இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அது ஈரத்தை நன்றாகவே உறிஞ்சும்.

சரி, வேலைக்கு வருவோம். பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, டேப், மூடி, ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டேப் ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்து, சலவைத் தூள் கலந்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கி, வாசனை போகும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். துரு கட்டியாகப் பிடித்திருந்தால் சின்ன நட்டுகளை உள்ளே போட்டு, டேங்கைப் பழைய போர்வையில் சுற்றிக் குலுக்கலாம். சிலர் சங்கிலியைப் போடுவார்கள், அது உள்ளே சிக்கிக்கொண்டு படுத்தும். நட்டுகளை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள்.

துரு எடுக்க நான் நம்புவது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கணக்கில் கலந்து, டேங்கைக் கழுத்துவரை நிரப்பி ஒரு இரவு வையுங்கள், வாயு வரும் என்பதால் மூடியை இறுக்க வேண்டாம். காலையில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிற இரும்பு தெரிய வேண்டும், இன்னும் சிவப்பு இருந்தால் புதுக் கரைசல், இன்னும் சில மணி நேரம். அவசரப்பட்டுக் கழிவறை ஆசிட் ஊற்றாதீர்கள். ஒரு டேங்கில் அதை ஊற்றிவிட்டுத் தூங்கிப் போய், காலையில் துருவோடு தகடும் சேர்ந்து போயிருந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கரைசலைக் கொட்டியதும் ஆப்பசோடா கலந்த தண்ணீரில் ஒரு அலசு, அப்புறம் நல்ல தண்ணீர், உடனே ஹேர் டிரையர். உடனே என்றால் உடனேதான், டீ குடித்துவிட்டு வந்தால்கூட ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்திருக்கும்.

இப்போது ஓட்டை தேடும் வேலை, எனக்கு மிகவும் பிடித்தது இது. டேங்கின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பக்கம் பக்கமாகச் சாய்த்து வைத்தால், கண்ணுக்கே தெரியாத ஊசி ஓட்டைகூட வெள்ளைச் சுண்ணாம்பில் கருத்த ஈரப் புள்ளியாக எழும்பும். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். என் டேங்கில் ஒன்று என்று நினைத்த இடத்தில் ஏழு.

வழியில் ஒழுகினால் குளியல் சோப்பைத் தேய்த்து வீடு வந்து சேரலாம், எம்சீல் வைத்து ஒரு வாரம் ஓட்டலாம், அவ்வளவுதான் அவற்றின் ஆயுசு. நிலையான வழி பித்தளை வைத்துப் பற்றவைப்பது. ரேடியேட்டர் வேலை பார்க்கும் கடைகளில் கை தேர்ந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் காலி டேங்க்தான் நிறைந்த டேங்கை விட ஆபத்து, உள்ளே தங்கிய ஆவி நெருப்புப் பட்டால் வெடிக்கும். மறுபடி சோப்புத் தண்ணீரில் கழுவி, பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே இருக்கும்படி தண்ணீர் நிரப்பி, வாய்களைத் திறந்து வைத்துத்தான் வேலை நடக்க வேண்டும். "அதெல்லாம் வேண்டாம் தம்பி" என்று சொல்லும் கடையில் டேங்கைக் கொடுக்காதீர்கள்.

உள்ளே சீலர் (டேங்கின் உள்சுவரில் பூசும் ஓட்டை அடைக்கும் பூச்சு) பூசலாமா என்றால், தகடு கெட்டியாக இருந்து ஓட்டை ஒன்றிரண்டுதான் என்றால் வேண்டாம் என்பேன். அரைகுறையாக ஒட்டிய சீலர் தோல் தோலாக உரிந்து கார்புரேட்டரை அடைக்கும், அதைத் திரும்ப எடுப்பது துரு எடுப்பதை விடக் கொடுமை. என்னுடையதைப் போல ஏழு ஓட்டை என்றால் பூசித்தான் ஆக வேண்டும். எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் இரண்டு பாக எபாக்ஸி வாங்குங்கள். உள்ளே எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது, அசிட்டோன் விட்டு அலசி முழுக்கக் காயவிடுங்கள். டேப் ஓட்டையை ரப்பர் வைத்து மூடி, சீலரை ஊற்றி, எல்லா மூலையும் நனையும்படி டேங்கை மெதுவாக உருட்டிக்கொண்டே இருங்கள், பிறகு மிச்சத்தை முழுக்க வடித்துவிடுங்கள், தேங்கி நின்றால் அது சரியாக இறுகாது. இறுகும் முன் டேப் ஓட்டையையும் திருகு மரைகளையும் துடைத்துவிடுங்கள். டப்பாவில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் நான் ஒரு வாரம் தொடமாட்டேன்.

இனிமேல்தான் பெயின்ட். நசுங்கலை டிங்கரிங் ஆளிடம் எடுத்துவிட்டு மெல்லிசாகப் பட்டி (மேடு பள்ளத்தைச் சமமாக்கும் பசை) வையுங்கள், பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பினால் ஒரு நாள் வெடித்து விழும். உப்புத்தாள் 80, 220, 400 என்று போய், பிரைமர் அடித்து, 800ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகு நிறம். ஹார்டனர் கலக்கும் டூகே பெயின்ட்டும் அதன் மேல் நிறமில்லாத கிளியரும்தான் அடிக்கச் சொல்லுங்கள், ஹார்டனர் இல்லாத மலிவான என்சி பெயின்ட்டில் பெட்ரோல் சிந்தினால் பளபளப்பு செத்துவிடும். ஸ்டிக்கர் கிளியருக்கு அடியில் போக வேண்டும். நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டியிருக்கும், அந்த அலைச்சல் வேண்டாம் என்று நான் அதே கறுப்பில் நின்றுவிட்டேன்.

மாட்டும்போது டேப் வாஷரும் மூடி ரப்பரும் புதிது போடுங்கள், குழாயில் உள்ளே தெரியும் சின்ன ஃபில்டர் ஒன்றும். முதல் டேங்க் பெட்ரோல் தீரும்வரை அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருங்கள், பழுப்புத் தூள் நாலு துகள் வரும், ஃபில்டரை மாற்றினால் போதும். தோல் போல ஏதாவது வந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், சீலர் உரிகிறது.