டிசி படங்களுக்கு ஆப்ஷீட்டில் பெயர் வைப்பது

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்ப்பவருக்கு விளக்கவே வேண்டாம். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணி போகும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டிசி, அதாவது டெலிவரி சலான். வண்டி வந்ததும் பையன் போனில் படம் பிடித்து ஆப்ஷீட்டில் (கோடிங் இல்லாமல் ஆப் செய்ய உதவும் கூகுள் கருவி) ஏற்றிவிடுவான். பிறகு ஆடிட்டர் ஒரு பில்லைக் கேட்டால் கூகுள் டிரைவுக்குள் தேடித் தேடிக் கண் பூத்துவிடும்.

ஏற்றும் படத்துக்கு என்ன பெயர் என்று ஆப்ஷீட் நம்மைக் கேட்பதில்லை. அந்த வரியின் கீ (வரியை அடையாளம் காட்டும் தனிக் குறி), நெடுவரிசையின் பெயர், ஏற்றிய நேரம் மூன்றையும் புள்ளி வைத்துக் கோத்துத் தானே வைத்துவிடும். ஆகவே கீயையும் நெடுவரிசையையும் ஃபோல்டரையும் நாம் ஒழுங்காக வைத்தால் போதும்.

நெடுவரிசைக்குப் படம்1, படம்2 என்று வைக்காதீர்கள். டிசி, பில், எடைச்சீட்டு என்றே வையுங்கள்.

கீயின் இனிஷியல் வேல்யூவில் (புது வரியில் ஆப்ஷீட் தானே நிரப்பும் மதிப்பு) தேதி, பார்ட்டி கோடு, கடைசியில் வேறெந்த வரிக்கும் வராத ஒரு யுனிக் ஐடி. தேதியில் வருஷம் முன்னால் வரட்டும்: 20250714. நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 14ஆம் தேதியும் ஒன்றாகக் குவியும். பில் நம்பரைக் கீயில் சேர்க்க வேண்டாம். அதைத்தான் அடிக்கடி தப்பாக அடிப்பார்கள், பிறகு திருத்துவார்கள். கீ மட்டும் ஒருபோதும் மாறக்கூடாது.

பில் நம்பருக்கு இடம் ஃபோல்டரில். படம், ஃபைல் நெடுவரிசைகளின் செட்டிங்கில் ஃபோல்டர் பாத் (படம் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்ற வழி) என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஃபார்முலா எழுதலாம். நிதியாண்டு, அதற்குள் பார்ட்டி கோடு, அதற்குள் பில் நம்பர். நிதியாண்டு கட்டாயம் வேண்டும். ஏப்ரலில் பலர் மறுபடி 1லிருந்து ஆரம்பிப்பார்கள்.

சிக்கல் சாய்கோட்டில் (/) தான். ஜிஎஸ்டி விதிப்படி பில் நம்பர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். எழுத்து, எண் தவிர சிறுகோடும் சாய்கோடும் வரலாம். 'எஸ்டி/118/25-26' என்ற பில்லை அப்படியே பாத்தில் விட்டால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஃபோல்டர் முளைக்கும். சப்ஸ்டிட்யூட் ஃபார்முலா போட்டுச் சாய்கோட்டைச் சிறுகோடாக்குங்கள். கீயில் தேதியையும் பார்ட்டி கோடையும் பிரிக்க அடிக்கோடு (_) போடுங்கள், பில் நம்பரில் அது வராது என்பதால் எங்கேயும் குழப்பம் இருக்காது.

பார்ட்டியும் பில் நம்பரும் போடாமல் படக் கட்டமே தெரியக்கூடாது. ஷோ இஃப்பில் (கட்டம் எப்போது தெரிய வேண்டும் என்று சொல்லும் செட்டிங்) அந்த நிபந்தனையை எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பாத் பாதி காலியாகப் போகும்.

டிரைவுக்குள் போய்க் கையால் மட்டும் பெயர் மாற்றாதீர்கள். ஷீட்டில் இருப்பது வெறும் பாத். ஃபைல் பெயர் மாறினால் ஆப்பில் படம் தெரியாது. ஆடிட்டருக்கு அழகான பெயர் வேண்டுமென்றால் காப்பி எடுத்து வேறு ஃபோல்டரில் மாற்றிக் கொடுங்கள். பழைய படங்களை இருக்கிற இடத்திலேயே விடுங்கள், புது பாத் இனி ஏற்றுபவற்றுக்கு மட்டும்தான்.