ஜெர்மன் கோதுமை பியர்: முதலில் மூக்கு, அப்புறம் நாக்கு

மியூனிக் வந்த புதிதில், உடன் வேலை பார்த்தவர்கள் உயரமான கிளாஸ் ஒன்றில் கலங்கலாக ஏதோ ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில் வாழைப்பழம் போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டேன். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பழம் கிழம் எதுவும் இல்லை. தண்ணீர், மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ் (கசப்புக்குச் சேர்க்கும் ஒரு கொடியின் பூ), ஈஸ்ட் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்), அவ்வளவுதான். அந்த வாழைப்பழம் ஈஸ்டின் கைவேலை.

பெயர் கோதுமை பியர் என்று இருந்தாலும், கோதுமை தருவது நுரை, கலங்கல், வாயில் மெத்தென்று நிற்கும் கனம் ஆகியவற்றைத்தான். மணம் முழுக்க ஈஸ்டுடையது. ஹாப்ஸ் இதில் இலை ஓரத்து ஊறுகாய் மாதிரி. அதனால் மற்ற பியரில் கசப்பைத் தேடுவதுபோல இதில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எனக்கு இது புரிய ஓராண்டு ஆனது. நீங்கள் ஒரு மாலையில் புரிந்துகொள்ளலாம்.

முதலில் அடுப்படிக்குப் போங்கள்

பாட்டிலைத் திறக்கும் முன் இரண்டு சின்னக் கிண்ணங்கள் எடுங்கள். ஒன்றில் தோலில் புள்ளி விழுந்த, நன்றாகப் பழுத்த மோரிஸ் பழத்தில் ஒரு துண்டைப் பிசைந்து வையுங்கள். ரஸ்தாளியோ பூவனோ வேண்டாம், அவற்றின் மணம் வேறு. இன்னொன்றில் நாலு கிராம்பைத் தட்டிப் போட்டு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மாற்றி மாற்றி முகருங்கள்.

விளையாட்டு இல்லை இது. வாழைப்பழத்தில் இருக்கும் ஐசோஅமைல் அசிடேட் என்ற அதே பொருளைத்தான் பவேரிய (மியூனிக் இருக்கும் மாநிலம்) ஈஸ்டும் நொதிக்கும்போது உண்டாக்குகிறது. வாழைப்பழ மிட்டாய்க்கு மணம் கொடுப்பதும் அதுதான். பியரின் கிராம்பு மணத்துக்குக் காரணம் 4-வினைல் குவையகால். நிஜக் கிராம்பில் இருக்கும் யூஜினாலுக்கு இது பங்காளி முறை. கோதுமை, பார்லி இரண்டின் மணிகளிலும் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. மால்ட் கூழைச் சுமார் 45 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அது அதிகமாக வெளியே வரும், ஈஸ்ட் அதைக் கிராம்பாக மாற்றிவிடும். நொதிக்கும் சூடு ஏறினால் பொதுவாக வாழைப்பழம் தூக்கும். காய்ச்சுபவர் கையில் இருக்கும் தராசு இதுதான். எந்தத் தட்டு தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

எதை வாங்குவது

மூன்று பாட்டில் போதும், மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்ளலாம். என் தேர்வு: வைஹென்ஸ்டெஃபான், ஷ்னைடர் வைஸ ஒரிஜினல், எர்டிங்கர்.

வைஹென்ஸ்டெஃபான் மியூனிக்குக்கு வடக்கே ஃப்ரைஸிங் ஊர்க் குன்றின்மேல் இருக்கும் பவேரிய அரசின் ஆலை. 1040-லிருந்து காய்ச்சுவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காய்ச்சுதல் துறை. 'வைஹென்ஸ்டெஃபான் 68' என்ற ஈஸ்ட் வகையை உலகெங்கும் கோதுமை பியர் காய்ச்சுபவர்கள் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். வாழைப்பழம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஷ்னைடர் கதை வேறு. 1516-இல் பவேரியாவில் பியரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று ஆணை வந்தது. ஆனாலும் டெகென்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் கோதுமை பியர் காய்ச்சச் சலுகை இருந்தது. 1602-இல் அந்தக் குடும்பம் வாரிசு இல்லாமல் அற்றுப்போக, உரிமை கோமகன் மாக்ஸிமிலியானிடம் வந்தது. அவர் சும்மா இருப்பாரா? ஊர் ஊராக ஆலை வைத்துக் கஜானாவை நிரப்பினார். பிறகு மக்கள் வாய் மாறி, கோதுமை பியர் கேட்பாரற்றுப் போன காலத்தில், 1872-இல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் அரசர் இரண்டாம் லுட்விக்கிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றார். இன்று அவர்கள் காய்ச்சுவது டான்யூப் கரையில் உள்ள கெல்ஹைமில். நிறம் செம்பு மாதிரி இருக்கும், கிராம்பு தூக்கலாக இருக்கும்.

எர்டிங்கர் மிகச் சாது. கூட்டத்தில் நிற்பதே தெரியாத பிள்ளை மாதிரி. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பிட ஒரு 'அடக்கமான' பியர் வேண்டும் என்பதால் இதைச் சேர்த்தேன். மூன்றும் 5.3, 5.4 சதவீதம் ஆல்கஹால், ஆகவே போதையின் கனம் தீர்ப்பைக் கெடுக்காது.

கடையில் தடுக்கி விழ இரண்டு இடம் உண்டு. பெர்லினர் வைஸவும் கோதுமைதான், ஆனால் அது லாக்டிக் அமிலத்தால் புளித்தது, 3 சதவீதம் அளவில் மெலிந்தது. சிவப்பிலும் பச்சையிலும் சிரப் கலந்து குடிப்பார்கள். பெல்ஜியத்தின் விட் வகையில் மால்ட் ஆக்காத கோதுமை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் உண்டு. இரண்டும் நல்ல பியர்கள்தான், இந்தப் பாடத்துக்கு உதவாதவை.

தேதியைக் கட்டாயம் பாருங்கள். கோதுமை பியர் வைத்துக் குடிக்கும் சரக்கு இல்லை, புதுசாக இருக்கும்போதே காலி பண்ண வேண்டும். ஒருமுறை வீட்டருகே ஒரு கடையில் தேதி முடியப்போகும் பாட்டில்களைப் பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். இருபது பாட்டில் பெட்டியை அப்படியே தூக்கி வந்தேன். திறந்தால் கிராம்பைக் காணோம். மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாசனையும், தேன் மாதிரி ஒரு திகட்டலும்தான். ஒன்று நடந்தது: பழசான பியர் எப்படி மணக்கும் என்று அதற்குப் பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

கிளாஸ்

அடி குறுகி மேலே விரியும் அரை லிட்டர் கிளாஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரே மாதிரியான மூன்று கிளாஸ் போதும். சுத்தம்தான் முக்கியம். பாத்திரம் கழுவும் சோப்பின் மெல்லிய படலம் இருந்தாலே நுரை கண்ணெதிரில் கரைந்துவிடும். பியர் சரியில்லை என்று ஒரு மாலை முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி என் சிங்க்கில் இருந்த ஸ்பாஞ்சு. முறுக்கு தின்ற எண்ணெய் உதடும் அதே வேலையைச் செய்யும். எலுமிச்சைத் துண்டைச் செருகுவதும் அப்படித்தான், தோல் எண்ணெய் நுரையைக் கொன்று, மணத்தையும் மூடிவிடும். சுவைத்துப் பார்க்கும் நாளில் வேண்டாம்.

ஊற்றுவது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வையுங்கள். 7, 8 டிகிரி சரியான சூடு. பல் கூசும் குளிரில் மணம் எழும்பாது.

கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசுங்கள், துடைக்க வேண்டாம். கிட்டத்தட்டப் படுக்கவைத்தாற்போல் சாய்த்துப் பிடித்து, பாட்டில் வாய் உள்சுவரைத் தொடுமளவுக்கு நெருங்கி, மெல்ல ஒழுகவிடுங்கள். அவசரப்பட்டால் கதை முடிந்தது. இந்தப் பியரில் வாயு மிக அதிகம், கிளாஸ் நிறைய நுரையும் மேஜை நிறைய பியரும்தான் மிஞ்சும். கிளாஸ் நிறைய நிறைய அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள்.

இப்போது ஒரு கணம் கிளாஸைப் பாருங்கள், முகருங்கள். பிறகு பாட்டிலைக் கையில் பிடித்து வட்டமாகச் சுழற்றுங்கள். அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் மண்டி கரைந்து மேலே வரும். அதை நுரைக்கு நடுவே ஊற்றினால் வெளிர் மேகம் ஒன்று உள்ளே இறங்கும். இந்தப் பியரின் ஜெர்மன் பெயர் 'ஹேஃபெவைட்ஸன்'. 'ஹேஃபெ' என்றால் ஈஸ்ட், அது கிளாஸில் சேர்ந்தால்தான் பெயருக்குப் பொருத்தம். மறுபடி முகருங்கள். ரொட்டி மாவு புளிக்கும்போது வரும் வாசனை கூடியிருக்கும்.

பங்கு போடும்போது ஒரு சிக்கல் வரும். முதல் ஆளுக்குத் தெளிவும் கடைசி ஆளுக்கு மண்டியும் போய்ச் சேர்ந்தால், இருவரும் இரண்டு வேறு பியர் குடித்துவிட்டுச் சண்டை போடுவார்கள். எல்லாக் கிளாஸிலும் முக்கால் பங்கு ஊற்றி, அப்புறம் பாட்டிலைச் சுழற்றி, மிச்சத்தைச் சமமாகப் பிரித்து ஊற்றுங்கள்.

பார்ப்பது

இதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். நுரை வெள்ளையாக, மெத்தையாக, ஐந்து நிமிடம் கழித்தும் நிற்கிறதா? அதுதான் கோதுமைப் புரதத்தின் அடையாளம். நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து செம்பு வரை எதுவானாலும் சரி. கலங்கல் சீராக இருக்க வேண்டும், துகள் துகளாக மிதக்கக் கூடாது. போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் பிஜேசிபி (பியர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) மதிப்பெண் தாளில் மொத்தம் 50. அதில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. புதியவர்கள் பெரும்பாலும் அந்த 3 மதிப்பெண்ணைப் பற்றித்தான் பத்து வரி எழுதுவார்கள். நானும் எழுதினேன்.

முகர்வது

மூக்கை நுரைக்கு மேலே வைத்து, நாய் மோப்பம் பிடிப்பதுபோல இரண்டு மூன்று குட்டி உறிஞ்சல்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் சலித்துவிடும். சலித்துவிட்டால் உங்கள் முழங்கையையோ சட்டைக் கையையோ முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள்.

இப்போது கேள்வி ஒன்றே ஒன்று: வாழைப்பழமா, கிராம்பா? குழம்பினால் அந்தக் கிண்ணங்களைத் தூக்கி முகர்ந்து ஒப்பிடுங்கள். இரண்டும் இருந்தால் எது முந்துகிறது? அதன் பிறகு மற்றவை: ரொட்டி, வெனிலா, பபிள்கம், கொஞ்சம் மிளகு. எதுவும் தோன்றவில்லை என்றால் "தோன்றவில்லை" என்றே எழுதுங்கள். அடுத்தவர் "ஆரஞ்சு" என்று சொன்னதும் நமக்கும் ஆரஞ்சு வரும், மூக்கு அவ்வளவு ஏமாளி. அதனால் எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

குடிப்பது

முதல் மடக்கை மூக்கைப் பொத்திக்கொண்டு குடியுங்கள். லேசான தித்திப்பு, மெல்லிய புளிப்பு, சுருக்கென்ற வாயு, இவைதான் தெரியும். விழுங்கியதும் வாயை மூடியபடி மூக்கை விடுவித்து மூச்சை வெளியே விடுங்கள். வாழைப்பழம் குபுக்கென்று வரும். நாம் 'சுவை' என்று நினைப்பதில் பெரும்பகுதி தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்குப் போகும் மணம்தான். நண்பர்கள் வாய் பிளப்பது எப்போதும் இந்த இடத்தில்தான்.

ஒயின் மாதிரி துப்ப வேண்டாம், பியரின் கசப்பு விழுங்கிய பிறகு நன்றாகத் தெரியும் என்பது வழக்கம். அதற்காக முழுக் கிளாஸ் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் ஐம்பது, அறுபது மில்லி போதும். வண்டி ஓட்ட வேண்டியவர் அன்றைக்கு முகர்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வாயில் கனம் எப்படி? பாலாடை மாதிரி வழவழவென்று இருந்தும் வாயு அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வாயு குறைந்தால் கஞ்சி மாதிரி தொய்ந்துவிடும். கடைசியில் தித்திப்பு நாக்கில் பிசுபிசுக்காமல் காய்ந்து முடிய வேண்டும். அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகிறதா என்று பாருங்கள்.

எழுதுவது

ஆரம்பத்தில் மதிப்பெண் போடாதீர்கள். மூன்று வரி போதும். என் நோட்டிலிருந்து ஒன்று:

"ஷ்னைடர். கிராம்பு முன்னால், வாழைப்பழம் பின்னால். வறுத்த ரொட்டி ஓரம். கொஞ்சம் புளிப்பு, நன்றாகக் காய்ந்து முடிகிறது. சூடு ஏற ஏறக் கிராம்பு கூடுகிறது. பன்றி வறுவலோடு போகும்."

"சூப்பர்", "ஸ்மூத்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எதுவும் புரியாது.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது

அட்டைப்பெட்டி என்றால் பழசு. பாப்கார்ன் வெண்ணெய் என்றால் டயசெட்டில், இந்த வகையில் இருக்கவே கூடாது. நெயில் பாலிஷ் நெடி என்றால் ஈஸ்ட் அதிகச் சூட்டில் கஷ்டப்பட்டிருக்கிறது. சோயா சாஸ், ரப்பர் மாதிரி இருந்தால் ஈஸ்ட் செத்து அழுகத் தொடங்கிவிட்டது. டிஞ்சர், பிளாஸ்திரி மாதிரி ஆஸ்பத்திரி வாசனை வந்தால் வேறு கிருமி நுழைந்திருக்கலாம். இந்தக் கடைசி ஒன்றில் புதியவர்கள் தடுமாறுவார்கள், ஏனென்றால் அதுவும் கிராம்பும் ஃபீனால் என்ற ஒரே வேதிப்பொருள் குடும்பம். கிராம்பு பிரியாணியை நினைவூட்டும், இது வார்டை நினைவூட்டும். அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பிறகு

இந்த மூன்றும் பழகிய பின் டுங்கெல் வகைக்குப் போகலாம். கறுத்த மால்ட் சேர்வதால் வாழைப்பழம் கருப்பட்டியில் கிண்டியது மாதிரி மாறும். அப்புறம் வைட்ஸன்பாக், அதாவது வலு கூடிய கோதுமை பியர். ஷ்னைடரின் அவென்டினுஸ் 1907-லிருந்து வருவது, 8.2 சதவீதம், உலர்ந்த திராட்சையும் அத்தியும் வாசனை. அதை மாலையின் கடைசிக் கிளாஸாக வையுங்கள். முதலில் குடித்தால் மற்றவை தண்ணீராகத் தெரியும். ஈஸ்டை வடிகட்டி எடுத்த கிறிஸ்டல் வகையை ஒருமுறை ஹேஃபெ பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மண்டி என்ன செய்கிறது என்று விளங்கும்.

கற்றது பிடிபட்டதா என்று தெரிய முக்கோணச் சோதனை இருக்கிறது. வேறு ஒருவரைக் கூப்பிட்டு, நீங்கள் பார்க்காமல் மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. ஒற்றையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் குறைந்தது ஐந்தாறு முறையாவது செய்யுங்கள். நிறம் காட்டிக்கொடுக்காமலிருக்க ஷ்னைடரை விட்டுவிட்டு வைஹென்ஸ்டெஃபானையும் எர்டிங்கரையும் எடுங்கள். நான் முதல் தடவை ஆறில் இரண்டுதான் சரியாகச் சொன்னேன். ஊற்றிக் கொடுத்த என் மனைவி பியரே குடிக்க மாட்டாள். கிளாஸ்களைக் கழுவும் முன் சும்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மட்டும்தானே வேற?" என்றாள். சரியாகச் சொன்னாள்.