வாழ்க்கையில் நம்பிக்கை இழந்தவர் வீட்டுக்குப் போகும்போது சபையார் செய்யும் தவறுகள்

பைபிளில் எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் கிடந்த யோபுவின் மூன்று நண்பர்களைப் பற்றிப் பிரசங்கங்களில் குறைதான் கேட்டிருப்போம். ஆனால் முதல் வாரம் அவர்கள் செய்தது சரியான வேலை. ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் 'அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' என்று பேர் வாங்கினார்கள். வீடு சந்திக்கப் போகிற நாம் அந்த ஏழு நாளை விட்டுவிட்டு நேராக எட்டாம் நாளில் தொடங்குகிறோம். மற்ற தவறுகளில் பாதி இந்த அவசரத்தில் பிறப்பவை.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு எட்டுப் பேர் ஆட்டோவில் போய் இறங்கினால், அந்த வீட்டு அம்மா நாற்காலிக்கும் காபிக்கும் ஓடுவார். இரண்டு பேர் போதும். பெண்ணைப் பார்க்கப் போனால் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முதல் நாளே போன் செய்து நேரம் கேளுங்கள். அரைமணி, மிஞ்சினால் முக்கால் மணி. போனதும் பாட்டு எடுக்க வேண்டாம். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவதைக் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவதோடு சேர்த்துச் சொல்கிறது நீதிமொழிகள் 25:20. மதுரையில் செல்லூர், ஆரப்பாளையம் பக்கத்துக் காம்பவுண்டு வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரே சுவர். 'ஆண்டவரே, இந்தக் கடன்பாரத்தை மாற்றும்' என்று குரலெடுத்து ஜெபித்தால், மறுநாள் குழாயடியில் தலைகுனிகிறவர் அவர்தான். அவர் சரி என்றால் மட்டும், தணிந்த குரலில் ஐந்து நிமிடம் ஜெபியுங்கள்.

வாட்ஸ்அப் ஜெபக்குறிப்பும் அப்படித்தான். 'பேர் போடவில்லை, தெருவை மட்டும்தான் போட்டோம்' என்பார்கள். மேலூர், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் தெருவும் வியாதியும் போதும், சாயங்காலத்துக்குள் பெண் பார்க்க வருகிறவர் காது வரை போய்விடும். 'ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்' என்பதற்கு மேல் ஒரு வரி வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதை நல்ல பாடம். 'போதும் கர்த்தாவே' என்று சூரைச்செடியின்கீழ் படுத்தவனுக்குத் தூதன் வசனம் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். தின்றுவிட்டு மறுபடி தூங்கினான், மறுபடியும் போஜனம்தான். 'உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி நாற்பது நாள் கழித்தே வந்தது. எனவே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம், சாப்பாடாகக் கொண்டுபோங்கள். எவர்சில்வர் தூக்கில் மட்டும் வேண்டாம். தூக்கை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அதில் போட்டுத் தர என்ன இருக்கிறது என்று அவர் தேட வேண்டியிருக்கும். திருப்பித் தர வேண்டாத டப்பா, ஒரு பாக்கெட் இட்லி மாவு, அன்றைக்குக் குடிக்கக் கஞ்சி. போதும்.

கேட்கப் பயப்படுவதுதான் ஆபத்தான தவறு. சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேட்டால் பெரும்பாலும் பாரம் இறங்கும். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: 'அண்ணே, நேராவே கேக்குறேன். செத்துப் போயிரலாம்னு தோணுதா?' ஆமாம் என்றால் 'அது பாவம்ணே' என்று ஆரம்பிக்காதீர்கள். அத்தோடு அவர் வாயை மூடிக்கொள்வார். எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, ஏதாவது ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணாதீர்கள். அவரைத் தனியே விடாமல், தோட்டத்துப் பூச்சிமருந்தையும் மாத்திரை டப்பாவையும் அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். செத்துவிடத் தோன்றும் அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக்கூடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். அவசரம் என்றால் 108. இல்லையென்றால் மறுநாள் காலையில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள்.

'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று ஒளிக்கிறவர்களுக்கு: 2017 மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அதைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டச் சொல்வது அடுத்தது. மனச்சோர்வு மாத்திரைக்குப் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். குமட்டலும் வாய் உலர்தலும் முதல் வாரமே வந்துவிடும். சரியாக அந்த இடைவெளியில்தான் 'மருந்து வேலை செய்யல, ஜெபம் போதும்' என்ற ஆலோசனை வருகிறது. உபவாசமும் எல்லாருக்கும் பொருந்தாது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் மதுரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, கை நடுக்கம், வாந்தி, குழப்பம் வரும். இன்சுலின் போடுகிறவருக்கோ சர்க்கரை இறங்கிவிடும். ஆளைக் கட்டிவைத்து ஜெபிக்கும் பேச்சே கூடாது. சங்கிலி போடுவதை 2017 சட்டம் தடுக்கிறது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் 28 பேர் தீயில் மாண்டது, சங்கிலியால் தப்ப முடியாமல்தான்.

கடனில் மூழ்கியவரிடம் 'ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்' என்ற வசனம் எதற்கு? ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். யாரிடம், அசல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, எழுதாத பத்திரமோ செக்கோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா என்று எழுதுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பேர் சொல்லித் தடுக்கும் சட்டம் 2003 முதல் இருக்கிறது.

சோர்ந்து கிடந்தவர் திடீரென்று அமைதியாகி, முகம் தெளிந்து, தன் பொருளை ஆளுக்கொன்றாகக் கொடுக்கத் தொடங்கினால் 'கர்த்தர் விடுவித்தார்' என்று மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். முடிவெடுத்துவிட்டவருக்கும் அந்த அமைதி வரும். மறுபடி நேராகக் கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் ஆபத்தானவை. நம் சந்திப்போ ஆஸ்பத்திரியோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை யார், செவ்வாய் யார் என்று பேர் போட்டு மூன்று மாதத்துக்கு எழுதி வையுங்கள்.

அப்படியும் ஓர் உயிர் போய்விட்டால், கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றும் மணி அடிக்கக் கூடாது என்றும் சில ஊர்களில் இன்னும் பேசுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையே தன் 1917 திருச்சபைச் சட்டத்தில் இருந்த அந்தத் தடையை 1983 சட்டத்தில் எடுத்துவிட்டது. அடக்கத்துக்கு முன்பே போதகரோடு, பங்குத்தந்தையோடு, கமிட்டியாரோடு பேசி இடத்தையும் நேரத்தையும் முடித்துவையுங்கள். அந்தப் பேச்சு அந்தக் குடும்பத்தின் காதில் விழவே கூடாது.