எழுதி வைக்காத கட்டுமான ஒப்பந்தம்: மேஸ்திரி பாதியில் விட்டுப் போனால் செய்ய வேண்டியவை

"பத்திரம் எதுவும் போடவில்லையே, வழக்கு நிற்குமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நிற்கும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். பேசியது இன்னதென்று நிரூபிப்பதுதான் கடினம்.

1. உடனே வேறு கொத்தனாரை இறக்காதீர்கள். இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். புதியவர் பூசி மூடிவிட்டால், பழையவர் எதுவரை கட்டினார், எங்கே குறை வைத்தார் என்று காட்டவே முடியாது. முதலில் ஒரு சிவில் பொறியாளரை அழைத்து அஸ்திவாரம், லிண்டல், தளம் எல்லாவற்றையும் அளக்கச் சொல்லுங்கள். முடிந்த வேலையின் மதிப்பு, குறைகள், மீதிக்கு ஆகும் செலவு ஆகியவற்றைத் தேதியிட்ட அறிக்கையாக வாங்குங்கள். ஒவ்வொரு மூலையையும் படமெடுங்கள். உரிமையியல் வழக்குத் தொடுத்தால், இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞரான வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரலாம். அவருடைய அறிக்கையும் சாட்சியமாகும். அதற்காக வீட்டை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடவும் கூடாது. இழப்பைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழியையும் நீதிமன்றம் பார்க்கும்.

2. வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்திகள், சிமெண்ட் கடை பில்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். சதுர அடிக்கு விலை பேசியபோது உடனிருந்தவர்கள் சாட்சி சொல்லலாம். பழைய கைபேசியை விற்றுவிடாதீர்கள். மின்னணுப் பதிவுகளுக்கு, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும்.

3. இழப்பைக் கணக்கிடுங்கள். பேசியது 12 லட்சம், கொடுத்தது 8 லட்சம், மீதி வேலையை முடிக்க நியாயமான செலவு 7 லட்சம் என்றால், இழப்பு 3 லட்சம். இதற்கு வழி தருவது ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. முன்பணம் வாங்கிக்கொண்டு பேசியபடி வீட்டைப் பழுதுபார்க்காதவரிடம், அதைச் சரிசெய்யும் செலவைப் பெறலாம் என்று அந்தப் பிரிவே ஓர் உதாரணம் தருகிறது. மன வேதனைக்கென்று பெருந்தொகை சேர்த்துக் கோரிக்கையின் நம்பகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

4. பேசிய விவரம், கொடுத்த தொகை, பதில் தர வேண்டிய கெடு ஆகியவற்றைக் குறிப்பிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அஞ்சல் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

5. பதில் இல்லையென்றால், சொந்தக் குடியிருப்புக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. உரிமையியல் நீதிமன்றம் என்றால், ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டு. செய்த வேலைக்குக் கூலி வராத மேஸ்திரிக்கும் வழக்குத் தொடர இதேபோல 3 ஆண்டு உண்டு. பணம் கொடுப்பதற்குத் தேதி எதுவும் பேசாதிருந்தால், வேலை முடிந்த நாளிலிருந்து அவர் எண்ண வேண்டும்.